வலது கைக்கு எத்தனை வினாடி

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான் சொன்னதும் விதிப்படி சரியான பதில். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் எங்கேயோ இடிக்கிறது.

பெங்களூரில் ஒரு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் கிளினிக்கில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். சுருக்கமாக எம்எஸ்: உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய். சில நாள் சிகிச்சை, சில நாள் ஆய்வு. ஆய்வு நாளில் நான் 'பிளைண்டட் ரேட்டர்'. வந்திருப்பவர் எந்த மருந்தில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியக்கூடாது, அவரும் சொல்லக்கூடாது. 25 அடி தூரம் நடக்க வைத்து நேரம் பார்ப்பேன், கைக்கு நைன் ஹோல் பெக், அப்புறம் குறிகளைப் பார்த்து எண் சொல்லும் 90 வினாடிச் சோதனை. எண்களைத் தாளில் எழுதி கோஆர்டினேட்டரிடம் கொடுத்தால் என் வேலை முடிந்தது.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஆய்வுக்கு வரும் ஒரு நோயாளி, ஸ்ரீராமபுரத்துக்காரர். பீன்யா பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் டெய்லர், காலர் தைக்கும் லைன். முதல் விசிட்டில் 'மேடம்' என்று ஆரம்பித்தவர், நான் தமிழில் பேசியதும் 'அக்கா'வுக்கு மாறிவிட்டார். ஒவ்வொரு முறையும் அம்மாவும் கூட வருவார்.

பெக் சோதனை பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஒரு பலகையில் ஒன்பது ஓட்டை, பக்கத்தில் ஒரு குழிக்குள் ஒன்பது சிறு குச்சி. ஒரே கையால், ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டையில் செருகி, ஒன்பதும் நிறைந்ததும் ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்துக் குழியில் போட வேண்டும். முதல் குச்சியைத் தொட்டதும் ஸ்டாப்வாட்ச் ஓடும், கடைசிக் குச்சி குழியில் விழுந்ததும் நிற்கும். நோய் இல்லாதவருக்கு 20 வினாடி சுமார். இவருக்கு அன்று ஏழாவது குச்சி விரலிடுக்கில் சிக்கி மேஜையில் உருண்டது. சோதனை விதிப்படி அவரேதான் எடுக்க வேண்டும். நான் பலகையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கட்டைவிரலால் அதை மேஜை விளிம்பு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், விளிம்பில் வைத்துக் கவ்வினார். துணியில் குண்டூசி எடுத்துப் பழகிய கை என்று தோன்றியது.

முடிந்ததும் கேட்டார்.

"அக்கா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வலது கைக்குப் போன தடவையை விட லேட்டா ஆச்சா?"

"அதை நான் சொல்லக்கூடாதும்மா."

"மருந்தைப் பத்தி கேக்கலக்கா. கையைப் பத்திதான் கேக்கறேன். மிஷினை விட்டுட்டு செக்கிங்குக்கு வந்துடுன்னு சூப்பர்வைசர் சொல்றாரு. மாறினா சம்பளம் குறையும். கை இன்னும் மோசமாகும்னா இப்பவே மாறிடறேன். இல்லன்னா எதுக்கு மாறணும்?"

"டாக்டர்கிட்ட கேளுங்க."

அம்மாதான் முடித்து வைத்தார். "விடு கண்ணு. அவங்க வேலைக்கு ஏதாவது வந்துடப் போவுது."

இவ்வளவுதான் நடந்தது. விதியை மீறவில்லை, குரலை உயர்த்தவில்லை. ஆனால் 'டாக்டர்கிட்ட கேளுங்க' என்றபோது, டாக்டரிடம் அந்தப் பதில் இல்லை என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஆய்வில் சிகிச்சை பார்க்கும் டாக்டருக்கு என் தாள் போகாது. அவர் விரலைத் தட்டச் சொல்வார், மூக்கைத் தொடச் சொல்வார், பிடியை அழுத்திப் பார்ப்பார், மருந்தைப் பற்றி முடிவெடுக்க அது போதும். போன முறைக்கும் இந்த முறைக்கும் எத்தனை வினாடி வித்தியாசம் என்பது அவர் கோப்பில் கிடையாது. அது என் தாளில் மட்டும்தான் இருந்தது, அந்தத் தாள் என் கைக்கு அடியில் இருந்தது.

இந்த விதி சும்மா வந்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கனடாவில் எம்எஸ்ஸுக்கு பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) மாற்றுச் சிகிச்சையைச் சோதித்த ஓர் ஆய்வில், ஒரே நோயாளிகளை இரண்டு தரப்பு நரம்பியல் டாக்டர்கள் பரிசோதித்தார்கள். யாருக்கு என்ன சிகிச்சை என்று தெரிந்தவர்கள் ஒரு தரப்பு, தெரியாதவர்கள் இன்னொரு தரப்பு. தெரிந்தவர்களின் மதிப்பெண்ணில் சிகிச்சை பலன் தந்ததாக வந்தது. தெரியாதவர்களின் மதிப்பெண்ணில் அந்தப் பலனைக் காணோம். 1994-ல் வெளியான அந்தக் கட்டுரையைப் படித்த பிறகு என் கண்ணை நானே நம்புவதில்லை. நோயாளிக்கும் இதே கதைதான். 'போன முறையை விட மெதுவு' என்று தெரிந்தவர் அடுத்த விசிட்டுக்குப் பயந்துகொண்டு வருவார், அல்லது வீட்டில் பயிற்சி எடுத்துவிட்டு வருவார். இரண்டுமே எண்ணைக் கெடுக்கும்.

அந்த எண்ணுக்கே எவ்வளவு மரியாதை தரலாம் என்பதும் ஒரு கேள்வி. 20 சதவீதம் மாறினால்தான் நிஜமான மாற்றம் என்று பொதுவாக வைத்துக்கொள்கிறோம். அதற்குள் ஏறி இறங்குவது தூக்கமாக இருக்கலாம், களைப்பாக இருக்கலாம், நிற்க இடமில்லாத பஸ்ஸில் வந்து இறங்கிய வெக்கையாக இருக்கலாம். உடம்புச் சூடு ஏறினால் எம்எஸ்காரர்களுக்குப் பார்வையோ நடையோ கொஞ்ச நேரம் தடுமாறும். ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் டாக்டர் 1890-லேயே இதை எழுதிவைத்திருக்கிறார். ஒரு நாள் எண்ணை நம்பி ஒருத்தர் மிஷினை விட்டு இறங்கினால் அந்தப் பொறுப்பு யாருடையது?

சரி, இதையாவது சொல்லியிருக்கலாமே. 'ஒரு நாள் எண்ணை வைத்து வேலையை முடிவு பண்ணாதீங்க' என்று சொல்ல எந்த விதியும் தடுக்கவில்லை. அல்லது தடுக்கிறதோ? அப்படிச் சொன்னால் 'எண் மோசம், ஆறுதல் சொல்றாங்க' என்றுதானே அவர் எடுத்துக்கொள்வார்? எண் நன்றாக இருந்தவரிடம் அதே வாக்கியத்தை நான் சொல்வேனா? எல்லாரிடமும் சொன்னால்தான் அது பாதுகாப்பு. எல்லாரிடமும் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. எம்எஸ்ஸை அளக்கும் பெரிய அளவுகோல் கர்ட்ஸ்கே என்ற அமெரிக்க நரம்பியல் டாக்டர் 1983-ல் செம்மைப்படுத்தியது, 0 முதல் 10 வரை. 4-க்கு மேலே போனால் அது பெரும்பாலும் கால் கணக்குதான்: உதவியில்லாமல் எத்தனை மீட்டர் நடக்கிறார், கைத்தடி வேண்டுமா, சக்கர நாற்காலியா. கையில் நடக்கும் சரிவு அதில் சரியாகப் பதியவில்லை என்ற குறை இருந்ததால்தான் தொண்ணூறுகளில் அமெரிக்காவின் தேசிய எம்எஸ் சங்கம் அமைத்த குழு நடை, கை, யோசிக்கும் வேகம் மூன்றுக்கும் தனித்தனி சோதனை வைத்தது. பெக் பலகை அப்படித்தான் எம்எஸ் ஆய்வுகளில் நிலைத்தது. கையை யாரும் கவனிக்காமல் விடக்கூடாது என்று வந்த சோதனை. இப்போது அதன் எண் தெரியக்கூடாதவர்களில் அந்தக் கைக்குச் சொந்தக்காரரும் ஒருவர்.

சட்டமும் அவருக்குக் கைகொடுக்காது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 எம்எஸ்ஸைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீத ஊனம் என்ற சான்றிதழ் வேண்டும். ஓடியாடி நடக்கிறவர், குச்சியைப் பொறுக்க நாலு வினாடி கூடுதலாக எடுக்கிறார் என்றால் எந்த மெடிக்கல் போர்டு 40 போடும்? காலர் லைனில் அந்த நாலு வினாடிதான் டார்கெட்.

அடுத்த விசிட்டில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் கேட்டேன், வேலை எப்படிப் போகிறது என்று. அதுவே தேவையில்லாத பேச்சுதான்.

"செக்கிங்குக்கு மாறிட்டேன்கா."

"டாக்டர் சொன்னாரா?"

"இல்ல. நீங்கதான் சொன்னீங்க." சிரித்தார். "அன்னிக்கு முடிஞ்சதும் ஸ்டாப்வாட்சைக் கவுத்து வச்சீங்கல்ல. அப்பவே புரிஞ்சுபோச்சு."

நான் எப்போதும் கவிழ்த்துத்தான் வைப்பேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவரோ முந்தைய விசிட்டில் அது நிமிர்ந்திருந்தது என்றார். அவர் கவனித்திருக்கலாம். இல்லையென்றால், பதில் கிடைக்காத இடத்தில் கண்ணில் பட்டதைப் பதிலாக எடுத்துக்கொண்டிருக்கலாம். 'எல்லாருக்கும் அப்படித்தான் வைப்பேன்' என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் எண்ணைப் பற்றிப் பேசியதாகிவிடும். குச்சிகளைக் குழியில் கொட்டி, "ரெடின்னா ஆரம்பிக்கலாம்மா" என்றேன்.

அவர் கேள்வி கேட்ட அன்று வந்த எண் என்ன என்று இங்கும் எழுதப்போவதில்லை. ஆய்வு இன்னும் முடியவில்லை. அவர் ஊகித்தது சரி என்றால் ஏதோ கொஞ்சம் நிம்மதி, தப்பு என்றால் ஒரு சம்பளக் குறைப்புக்கு என் கை காரணம் என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றும். எனக்கு அப்படிப் பிரித்துப் பார்க்க வரவில்லை. எண் எதுவாக இருந்தாலும் அதை வைத்து அவர் முடிவெடுக்கவில்லை.

எங்கள் முதன்மை ஆய்வாளரிடம் இதைச் சொன்னேன். ஸ்டாப்வாட்ச் விஷயத்துக்குச் சிரித்தார், மற்றதற்குச் சிரிக்கவில்லை. நோயாளிக்கான தகவல் தாளில் ஒரு பத்தி சேர்க்கலாமா என்று கேட்டேன்: ஆய்வு முடிந்ததும் உங்கள் நடை, கை எண்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று. இந்த ஆய்வில் சேர்ப்பதென்றால் ஸ்பான்சர், எத்திக்ஸ் கமிட்டி எல்லாம் சுற்றி வருவதற்குள் கடைசி விசிட்டே முடிந்துவிடும், அடுத்ததற்கு எழுதிக் கொடு என்றார். எழுதிக் கொடுத்தேன். 'கேட்டால் தரப்படும்' என்பது அவர் திருத்தம். கேட்காமலே தர வேண்டும் என்று நான் சொல்கிறேன். தெரியாமல் இருக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்கிறார் அவர். அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஆனாலும் திருத்தத்தை நான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.