தனுஷ்கோடிக்கு ஒரே நிறம் பூசாதீர்கள்

இராமநாதபுரம் கடற்கரைக்கு அலை, காற்று காட்டும் டேஷ்போர்டு செய்கிறவர்கள் வரைபடத்தில் முதலில் சோதிக்க வேண்டிய இடம் தனுஷ்கோடி. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் ஒடுங்கிய மணல்திட்டு. தென்மேற்குப் பருவக்காற்றின்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று எழுந்தால் வடகடலின் முறை.

தரவோ கட்டம் கட்டமாகத்தான் வரும். 0.25 டிகிரி கட்டம் என்றால் ஒரு பக்கம் சுமார் 27.5 கிலோமீட்டர். அது தனுஷ்கோடி மேல் விழுந்தால் இரண்டு கடலுக்கும் ஒரே எண்தான். கட்டங்களுக்கு நடுவே உள்ள மதிப்பை ஊகித்து, அழகுக்காக நிறங்களைக் குழைத்துக் காட்டும் இடைக்கணிப்பு இன்னும் மோசம். தெற்கே 2 மீட்டர், வடக்கே அரை மீட்டர் அலை என்று வைத்துக்கொள்ளுங்கள். தீவை ஒட்டி 1.25 மீட்டர் என்று ஒரு பட்டை தோன்றும். அப்படி ஒரு அலை இரண்டு கடலிலும் இல்லை.

க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் மண்டபம், பாம்பன், அரிச்சல்முனை வழியாகக் கோடு பிரித்து இரண்டு பலகோணங்கள் வரையுங்கள். எந்தக் கட்டத்தின் மையம் எந்தக் கடலில் விழுகிறதோ, அதன் மதிப்பு அந்தக் கடலுக்கு மட்டும். இடைக்கணிப்பையும் தனித்தனியாக ஓட்டி, கடைசியில் நிலப்பகுதியை வெட்டி எடுங்கள். மதிப்பு இல்லாத இடத்தில் சாம்பல் கோடுகள் போடுங்கள், 0 போடாதீர்கள். வெறும் தரவு இல்லாத இடம், பார்க்கிறவர் கண்ணுக்கு அலையில்லாத கடலாகிவிடும்.

நிற வகுப்புகளை நிலையாக வையுங்கள்: 0.5, 1, 1.5, 2, 3 மீட்டர். அன்றன்றைய தரவுக்கேற்ப வகுப்பு மாறினால் நேற்றைய சிவப்பும் இன்றைய சிவப்பும் வேறு வேறாகிவிடும்.

அம்புக்குறியில் பலரும் சறுக்குகிறார்கள். காற்றின் திசை அது வரும் திசை. நீரோட்டத்தின் திசை அது போகும் திசை. இரண்டையும் ஒரே விதியில் வரைந்தால் ஒன்று 180 டிகிரி புரண்டுவிடும்.

படகு ஜிபிஎஸ்ஸில் 9° 16.8' (9 டிகிரி, 16.8 நிமிடம்) என்று இருப்பதை 9.168 என்று பதிந்தால் புள்ளி ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தெற்கே போய்விடும். 16.8-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும்: சரியான எண் 9.28. ஜியோஜேசான் என்ற வரைபடத் தரவு வடிவம் தீர்க்கரேகையை முதலில் எழுதும், லீஃப்லெட் என்ற இணைய வரைபட நிரலகம் அட்சரேகையை முதலில் கேட்கும். மாற்றிக் கொடுத்தால் இராமேஸ்வரத்துப் படகு ஸ்வால்பார்டுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் மிதக்கும்.

தூரத்தைக் கணக்கிட போஸ்ட்ஜிஐஎஸ் என்ற இடத்தரவுத்தளத்தில் ஜியாக்ரஃபி வகையோ, இந்தப் பகுதிக்கான, மீட்டரில் அளக்கும் ஆயமுறையான இபிஎஸ்ஜி 32644-ஓ போதும். அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே வைக்கும் வெறும் 4326 ஜியாமெட்ரி டிகிரியில் விடை தரும். திரையில் கிலோமீட்டரோடு கடல் மைலையும் காட்டுங்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

நேரம் இந்திய நேரமாகவே இருக்கட்டும். யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் 00 மணி இங்கே காலை 5.30. கரையை விட்டு விலகினால் சிக்னல் போய்விடும், போனில் பழைய படம் அப்படியே நிற்கும். அதனால் முன்னறிவிப்பு எந்த நாள், எந்த மணிக்கானது என்பதை மேலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். அந்த நேரம் கடந்ததும் நிறங்கள் தாமாக மங்கி, 'காலாவதி' என்ற சொல் படத்தின் குறுக்கே வர வேண்டும்.