என் வண்டியே இல்லாத படத்துக்கு என் பெயரில் அபராதம்

ஹெல்மெட் போடாமல் ஓட்டியதாக 2024 கடைசியில் எனக்கு 1,000 ரூபாய்க்கு ஓர் இ-சலான் வந்தது. படத்தில் இருந்தது ஸ்கூட்டர். என்னிடம் இருப்பது கியர் பைக். பணம் கட்டாமல் கோர்ட்டுக்குப் போய் மறுத்தேன், வழக்கும் முடிந்தது. போவதற்கு முன் விவரம் கேட்க எனக்குச் சரியாக ஆள் கிடைக்கவில்லை. ஒருவரைத் தவிர, கேட்ட எல்லோரும் "கட்டிட்டுப் போ" என்றார்கள். அதனால்தான் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இது 2024 இறுதியிலும் 2025-லும் இருந்த நடைமுறை. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், நீங்கள் போகும்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்.எம்.எஸ். வந்ததும் அதிலிருந்த லிங்க்கைத் தொடவில்லை. சலான் என்று சொல்லி, போனில் ஆப்பை நிறுவும் ஏ.பி.கே. ஃபைல் அனுப்பி, போனுக்குள் புகுந்து பேங்க் பணத்தை எடுக்கும் மோசடி நிறைய நடக்கிறது. மத்திய அரசின் போக்குவரத்து இணையச் சேவையான பரிவாஹனின் இ-சலான் தளத்தை நானே டைப் செய்து திறந்து, வண்டி எண்ணைக் கொடுத்துப் பார்த்தேன். நிஜமான சலான்தான். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 194டி என்று போட்டிருந்தது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிக்னலில் இருக்கும் கேமரா பின்னாலிருந்து எடுத்த படம். பின் இருக்கையில் ஒரு பை, ஓட்டுபவர் தலையில் ஒன்றும் இல்லை. நம்பர் பிளேட்டில் எழுத்துகளைச் சாய்வாக, வளைத்து வளைத்து எழுதியிருந்தார்கள். கடைசி இலக்கம் 3. அதன் திறந்த பக்கம் உள்ளே சுருண்டிருந்ததால், தூரத்திலிருந்து பார்த்தால் 8 மாதிரி தெரிந்தது. என் வண்டி எண் 8-ல் முடிகிறது. நம்பரைத் தானாகப் படிக்கும் கேமரா அதை 8 என்று படித்து, என் பெயரில் சலான் போட்டுவிட்டது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். இடப்பக்கம் மேலே அசோகச் சக்கர ஹாலோகிராம் இருக்கும், அதன் கீழே நீல நிறத்தில் ஐ.என்.டி. என்ற ஆங்கில எழுத்துகள், அதற்கும் கீழே லேசரில் பொறித்த ஒரு எண். எழுத்து எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி நேராக இருக்கும். என் வண்டி 2021 மாடல், பிளேட் அப்படித்தான் இருக்கிறது. படத்தில் இருந்ததில் இவை எதுவும் இல்லை.

தளத்திலேயே புகார் கொடுக்க வழி இருக்கிறது. என் வண்டியின் போட்டோவையும் ஆர்.சி.யையும் சேர்த்து அனுப்பினேன். சில வாரம் கழித்து, புகார் முடிக்கப்பட்டது என்று மட்டும் காட்டியது. காரணம் ஒரு வரி கூட இல்லை. சலான் அப்படியே நின்றது. இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து ஒரு நிமிடம் பார்த்திருந்தால் முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

ஆயிரம் ரூபாய்தானே என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 194டி என்பது வெறும் அபராதம் இல்லை. அந்தப் பிரிவின்படி மூன்று மாதம் லைசென்ஸ் வைத்திருக்கத் தகுதியில்லை என்று ஆக்கலாம். வண்டியை நம்பிப் பிழைக்கிறவருக்கு அது மூன்று மாதச் சம்பளம். பணத்தைக் கட்டினால் செய்யாத குற்றத்தைச் செய்ததாக நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதோடு, அந்த ஸ்கூட்டர் அதே பிளேட்டோடு அதே சிக்னலில் நாளைக்கும் போகும். அடுத்த சலானும் எனக்குத்தான் வரும்.

லோக் அதாலத்தில் வைத்துக் குறைத்துக் கட்டிவிடலாம் என்றும் ஒரு நண்பர் சொன்னார். தப்பு செய்தவர் பேசி முடித்துக்கொள்ள அது நல்ல இடம். ஆனால் அங்கே நடப்பது சமரசம். இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டு முடிப்பது, அதன் மீது மேல்முறையீடும் கிடையாது. நான் செய்யவே இல்லை என்று சொல்கிறவருக்கு அது பொருந்தாது.

கட்டாத சலான் சில நாள் கழித்து, ஆன்லைனிலேயே அபராத வழக்குகளைக் கையாளும் விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போனது. அந்தத் தளத்தில் மொபைல் எண்ணையோ வண்டி எண்ணையோ கொடுத்து வழக்கைத் தேடலாம். திறந்தால் இரண்டு வழி காட்டும். சொல்லப்பட்ட அபராதத்தைக் கட்டுகிறேன் என்பது ஒன்று, வழக்கை எதிர்த்து நடத்துகிறேன் என்பது மற்றொன்று. இரண்டாவதை அழுத்தி ஓ.டி.பி. கொடுத்தேன். அவ்வளவுதான். வழக்கு அந்த இடத்துக்கு அதிகாரம் உள்ள நீதித்துறை நடுவர் நீதிமன்றத்துக்கு மாறிவிடும். இதன் பிறகு ஆன்லைனில் கட்டி முடிப்பது சுலபமாக இருக்காது, நேரில்தான் போக வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு அழுத்துங்கள்.

வழக்கு எண் விழுந்ததா, வாய்தா என்றைக்கு என்பதை நீதிமன்றங்களின் ஈகோர்ட்ஸ் ஆப்பில் பார்க்கலாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்து-எண் கொண்ட சி.என்.ஆர். எண் இருக்கும். அதை எழுதி வைத்துக்கொண்டால் போதும். தகவல் தானாக வரும் என்று காத்திருக்காமல் நான் வாராவாரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் என்னென்ன காகிதம் எடுத்துப் போவது என்று யோசித்தேன். அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் என்று காட்ட அலுவலக வருகைப் பதிவை எடுக்கலாமா என்றுதான் முதலில் தோன்றியது. தெரிந்த வக்கீல் அக்கா ஒருவரிடம் போனில் கேட்டேன். "அது வேண்டாம்ப்பா. நீ ஆஃபீஸ்ல இருந்தே, வண்டியை உன் தம்பி எடுத்துட்டுப் போனான்னு கேப்பாங்க. நீ அங்க இல்லைன்னு சொல்லாதே. உன் வண்டி அங்க இல்லைன்னு சொல்லு," என்றார். இந்த மொத்த விவகாரத்திலும் எனக்குக் கிடைத்த உருப்படியான யோசனை அதுதான். ஓட்டியது யார் என்று வண்டியின் சொந்தக்காரரிடம் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, பிரிவு 133. அதனால் ஆளைப் பற்றிப் பேசாமல் வண்டியைப் பற்றியே பேசுவது என்று முடிவு செய்தேன்.

ஆர்.சி.யிலும் ஒரு சிக்கல் இருந்தது. வண்டி வகை என்ற இடத்தில் மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் இரண்டையும் சேர்த்தே போட்டிருப்பார்கள். என் ஆர்.சி. பைக் என்று சொல்கிறது, படத்தில் இருப்பது ஸ்கூட்டர் என்று வாதாட அது உதவாது. மாடல் பெயரும் நிறமும் ஆர்.சி.யில் தனியாக இருக்கின்றன. அந்த இரண்டையும் அடிக்கோடு போட்டேன். சிக்னல் கேமரா எடுத்த அதே கோணத்தில், பின்னாலிருந்து என் வண்டியைப் படம் எடுத்தேன். அதையும் சலான் படத்தையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாகப் பெரிதாகக் கலரில் பிரிண்ட் போட்டேன். இன்ஷூரன்ஸ் நகல், புகார் முடிக்கப்பட்டதாகக் காட்டிய பக்கம், இவற்றோடு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லும் ஒரு மெமோ. எல்லாவற்றையும் மூன்று செட். கோர்ட்டுக்கு ஒன்று, அரசுத் தரப்புக்கு ஒன்று, கையில் ஒன்று.

கையில் இன்னொரு வாதமும் வைத்திருந்தேன். கேமரா மூலம் போடும் சலான்களுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று ஒரு விதி 2021-ல் வந்தது. குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும், படத்தில் குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரிய வேண்டும், மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் இணைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் அப்போது இருந்தது. எனக்கு அறிவிப்பு வந்தது 15 நாளைத் தாண்டி. ஆனாலும் மெமோவில் இதைக் கடைசிப் பத்தியாகத்தான் வைத்தேன். நான் செய்யவில்லை என்று சொல்ல வந்தவர் தேதி தாமதம் என்று ஆரம்பித்தால், செய்துவிட்டுச் சாக்கு தேடுகிறார் என்றுதான் படும்.

வக்கீல் வைக்கவில்லை. நம் வழக்கில் நாமே ஆஜராகலாம். தைரியம் வராதவர்களுக்கு 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி இருக்கிறது. பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் போன்றவர்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள்.

வாய்தா அன்று பத்து மணிக்கே போய்விட்டேன். பெஞ்ச் கிளார்க்கிடம் பெயரைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அட்மிட்டா?" இல்லை என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "அட்மிட் பண்ணினா மதியத்துக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம் சார். இல்லைன்னா அலையணும்." மிரட்டலாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அந்த வராண்டாவில் நின்றவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் போனார்கள். பெயர் கூப்பிட, ஒத்துக்கொள்ள, கட்ட, போக.

என் பக்கத்தில் நின்ற பெரியவர் தன் பழைய ஸ்கூட்டரை எப்போதோ விற்றுவிட்டார். வாங்கியவர் பெயர் மாற்றவில்லை. அவர் வாங்கும் ஃபைன் எல்லாம் இவர் தலையில். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவரே ஆர்.டி.ஓ.வுக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. விற்கும்போது அவரிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. "ஐயா, விற்ற காகிதம் இருந்தா காட்டிப் பாருங்களேன்," என்றேன். "இன்னொரு நாள் வந்தா இன்னொரு நாள் கூலி போயிடும் தம்பி," என்று சொல்லிவிட்டுக் கட்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு நாள் கூலியை விட அபராதம் குறைவு என்றால் யார்தான் வாதாட வருவார்கள்?

கோர்ட் டவாலி என் பெயரைக் கூப்பிட்டார். நடுவர் ஒரு பெண். குற்றச்சாட்டைப் படித்துவிட்டு, "ஒத்துக்கறீங்களா?" என்றார்.

"இல்லைம்மா. படத்தில் இருப்பது என் வண்டி இல்லை."

கலர் தாளை நீட்டினேன். வாங்கி இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஆர்.சி.யில் அடிக்கோடு போட்ட இடத்தைப் பார்த்தார். "வண்டி இப்போ எங்கே?"

"வெளியே நிற்கிறதம்மா."

நீதிமன்றப் பணியில் இருந்த ஏட்டு ஒருவரிடம் வண்டியைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். ஏட்டய்யா என்னோடு வந்து, பிளேட்டின் ஹாலோகிராமை விரலால் தடவிப் பார்த்தார். ஹேண்டில்பாருக்குக் கீழே கழுத்துப் பகுதியில் படிந்திருந்த தூசியைக் கைக்குட்டையால் துடைத்து, சேஸிஸ் எண்ணை ஒவ்வொரு எழுத்தாக ஆர்.சி.யோடு ஒப்பிட்டார். திரும்பி வந்து, "சரியா இருக்கும்மா, இவர் சொல்றது வேற வண்டி," என்றார். எத்தனையோ வாரமாக யாராவது இதைச் செய்ய மாட்டார்களா என்று காத்திருந்த எனக்கு அந்த நேரம் நெஞ்சு நிறைந்துபோனது.

ஆனால் அன்றைக்கே முடியவில்லை. ஒத்துக்கொள்ளவில்லை என்று பதிவு செய்து, கேமராவின் மூலப் படத்தோடு போக்குவரத்துக் காவல் தரப்பு பதில் தர வேண்டும் என்று வாய்தா போட்டார். அடுத்த முறை எஸ்.ஐ. வரவில்லை. அதற்கடுத்த முறை வந்தார். சலானில் இருந்ததை விடத் தெளிவான படம் அவரிடம் இருந்தது. அதில் 3 என்பது சந்தேகமில்லாமல் தெரிந்தது. "நம்பர் தப்பா ரீட் ஆயிருக்கும்மா," என்று அவரே சொல்லிவிட்டார். அரசுத் தரப்பும் மறுக்கவில்லை. வழக்கு நடவடிக்கையை நிறுத்தி நடுவர் உத்தரவு போட்டார். கேள்வி, பதில், உத்தரவு எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் இருக்கும். 15 நாள் வாதத்தை எடுக்க வேண்டியே வரவில்லை.

இதோடு முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். உத்தரவு கோர்ட்டில் இருக்கும், சலான் தளத்தில் நிலுவையாகவே நிற்கும். அது நிற்கும் வரை பெயர் மாற்றம் போன்ற வேலைக்குப் போனால் தடங்கல் வரலாம். நகல் மனு போட்டு, சான்றிட்ட நகல் வாங்குங்கள். நான் அதை வாங்கி, சலான் எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கடிதத்தோடு போக்குவரத்துக் காவல் அலுவலகத்தில் கொடுத்து, கடித நகலில் சீல் வாங்கிக்கொண்டேன். சீல் இல்லாமல் கொடுக்காதீர்கள். சில வாரத்தில் நிலுவை மறைந்தது.

இரண்டு மாதம் கழித்து அதே ஸ்கூட்டருக்கு இன்னொரு சலான் என் பெயரில் வந்தது. இந்த முறை புகாரோடு கோர்ட் உத்தரவின் நகலையும் சேர்த்து அனுப்பினேன். பேசாமல் ரத்து செய்துவிட்டார்கள். அந்த ஸ்கூட்டரின் சரியான எண்ணையும், பிளேட் விதிப்படி இல்லை என்பதையும் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை, வரும் வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.