ரிப்போர்ட் வரட்டும்மா

ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே, மகனைக் காணாமல் தேடிக்கொண்டிருந்த அந்த அம்மா சொன்னார். "பத்தாவது படிக்கறப்போ புளியமரத்துலேர்ந்து விழுந்துட்டான் சார். இந்த எடத்துல எலும்பு ஒடிஞ்சு, புத்தூருக்குக் கூட்டிட்டுப் போய்க் கட்டுப் போட்டோம். அப்புறமும் மேடாத்தான் இருந்துச்சு." தன் இடது காறை எலும்பைத் தொட்டுக் காட்டினார். "அது தெரியுதா சார், அந்த எலும்புல?"

தெரிந்தது. எலும்பை வைத்து வயதைக் கணிக்க, தடயவியல் மருத்துவர்களான நாங்கள் பார்ப்பவற்றில் ஒன்று காறை எலும்பின் உள்முனை. உடம்பிலேயே கடைசியாக ஒட்டும் முனை அது. இருபதுகளில்தான் முழுதாக ஒட்டும். கிணறு தூர்வாரும்போது கிடைத்த அந்த எலும்பில் பாதிதான் ஒட்டியிருந்தது. விரலைக் கொஞ்சம் வெளிப்பக்கம் நகர்த்தினால் நடுவில் ஒரு புடைப்பு. உடைந்த இரண்டு துண்டும் ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறி, அப்படியே கூடிப்போயிருந்தன. அவர் வருவதற்கு முன்பே அதைக் குறித்து வைத்திருந்தேன்.

"ரிப்போர்ட் வரட்டும்மா" என்றேன்.

வேறென்ன சொல்வது? மரத்திலிருந்தும் வண்டியிலிருந்தும் விழுந்து காறை எலும்பை உடைத்துக்கொண்ட பையன்கள் எந்த ஊரில் இல்லை? அதை வைத்து ஆளை முடிவு செய்ய முடியாது. மண்டை ஓட்டின்மேல் போட்டோவைப் பொருத்திப் பார்க்கலாம். 1935இல் இங்கிலாந்தின் ரக்ஸ்டன் கொலை வழக்கிலிருந்தே இருக்கும் முறைதான். ஆனால் 'இவர் இல்லை' என்று அது அடித்துச் சொல்லும். 'இவர்தான்' என்று சொல்லாது. அதனால்தான் தொடை எலும்பும் கடைவாய்ப் பல்லும் டிஎன்ஏவுக்குப் போயின, ஒப்பிடத் தாயின் ரத்தமும் போனது. நான் 'தெரியுது' என்று சொல்லி, டிஎன்ஏ 'இல்லை' என்று வந்திருந்தால், அதற்குள் அவர் வேறொரு வீட்டுப் பிள்ளைக்குக் காரியம் செய்து முடித்திருப்பார்.

இந்த நியாயம் எனக்கு மனப்பாடம். இன்றும் இதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை.

ஆனால் அன்று சாயங்காலம் ஏட்டு போன் செய்தபோது, "அந்தப் பையனாத்தான் இருக்கும், பழைய எலும்பு முறிவு ஒத்துப்போகுது" என்று அவரிடம் சொன்னேன். விசாரணைக்கு அது தேவை, அபிப்பிராயத்தை விசாரணை அதிகாரிக்குத்தான் சொல்ல வேண்டும், எல்லாம் சரி. ஆனால் அந்தத் தகவலை எனக்குத் தந்ததே அந்த அம்மாதான்.

ரிப்போர்ட் வரப் பல மாதம் ஆனது. பொருந்தியது. அதை வாங்க வந்த ஏட்டு சொல்லித்தான் அடுத்தது தெரியும். நான் எதுவும் சொல்லாததால், எலும்பில் அந்த மேடு இல்லை என்று அந்த அம்மா எடுத்துக்கொண்டிருக்கிறார். எப்போதோ யாரோ பையனைத் திருப்பூரில் பார்த்ததாகச் சொல்லியிருந்தார்களாம். போட்டோவை எடுத்துக்கொண்டு போய், பனியன் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கியிருக்கிறார்.

ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால் இறந்ததாகக் கருதலாம் என்று சட்டம் இருக்கிறது. அப்போது சாட்சியச் சட்டத்தின் 108ஆவது பிரிவு. இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 111. நிலத்துக்காகவாவது கோர்ட்டில் ஒரு பேப்பர் வாங்கச் சொன்ன விஏஓவிடம் அவர் சண்டைக்கே போயிருக்கிறார். கோர்ட் சொல்லக்கூடாது என்று நின்றவர், எலும்பு என்ன சொல்கிறது என்று மட்டும் என்னிடம் கேட்டார். வயது இத்தனையிலிருந்து இத்தனைக்குள் இருக்கலாம், உயரம் இவ்வளவு இருக்கலாம் என்று தினமும் கையெழுத்துப் போடுகிறவன் நான். அப்படி ஒரு 'இருக்கலாம்' அவருக்குத் தாங்காது என்று நானாக முடிவு செய்ததைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். ஒருவேளை நிஜமாகவே தாங்கியிருக்காது.

எலும்புகளை வாங்கிக்கொள்ள வந்தபோது அந்தக் காறை எலும்பைத் தனியாக எடுத்துக் கொடுத்தேன். புடைப்பின் மேல் கட்டைவிரலை வைத்துத் தடவிப் பார்த்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் குடும்பத்தாரிடம் விவரம் கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் எலும்பை மேஜையில் பரப்புகிறேன். முதலில் எலும்பைப் பார்த்துவிட்டால், கேட்கும் கேள்விகளே அதற்கேற்ப வளைந்துவிடும் என்று பிஜி மாணவர்களிடம் காரணம் சொல்கிறேன். உண்மையான காரணம்தான். குடும்பத்தார் கேட்கும் நேரத்தில் மறைக்க என்னிடம் ஒன்றும் இருக்காது என்பதும் இருக்கிறது.

சமீபத்தில் ஒரு அப்பா வந்திருந்தார். இன்னும் பார்க்கவில்லை என்றேன். "பார்த்ததும் எனக்குச் சொல்வீங்களா டாக்டர்?" என்றார். சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எவ்வளவு சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.