டம்ளருக்குள் பித்தளை உறைகள்

சுட்ட தோட்டா உறைகளை மறுபடி நிரப்பும் வேலையைப் பற்றிப் பேசும்போது ‘டம்ளரில் நான்கு மணி நேரம் ஓடவிட்டேன்’ என்று நான் சொன்னால், கேட்பவர் மனத்தில் தண்ணீர் குடிக்கும் டம்ளர்தான் வந்து நிற்கிறது. நான் சொல்வது, வெற்று உறைகளை அரைத்த குருணையோடு அதிரவிட்டோ, எஃகு ஊசிகளும் நீரும் நிறைந்த உருளையில் சுழலவிட்டோ கரியையும் அழுக்கையும் போக்கும் எந்திரத்தை. அதற்குத் தமிழில் ‘உருட்டுகலம்’ என்று ஒருமுறை எழுதிப் பார்த்தேன்; எனக்கே சிரிப்பு வந்துவிட்டதால் டம்ளர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இந்த எந்திரத்தைப் பலரும் பளபளப்புக்காகத்தான் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். உண்மையில் மங்கிப் பழுப்பேறிய உறையும் மெருகேறிய உறையும் சுடும்போது ஒன்றுபோலவே வேலை செய்கின்றன. ஆனாலும் உறைகளைக் கழுவாமல் நிரப்பக் கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. தரையிலிருந்து பொறுக்கிய உறையில் ஒட்டிய ஒரே ஒரு மணல் துகள், உறையைப் பழைய அளவுக்கு இறுக்கும் ‘டை’ என்னும் அச்சுக்குள் போய்விட்டால் அதன் வழவழப்பான உட்சுவரில் கீறல் விழுகிறது. பிறகு அந்த டைக்குள் நுழையும் ஒவ்வோர் உறையும் அதே கீறலைச் சுமந்துகொண்டு வெளியே வருகிறது. மற்றொரு காரணம் இன்னும் முக்கியமானது: கரி படிந்த உறையில் இருக்கும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

எந்திரத்தில் போடுவதற்கு முன் உறைகளை அளவுவாரியாகப் பிரித்துவிட வேண்டும். 9 மி.மீ. உறை .40 அங்குல உறைக்குள்ளும், .40 உறை .45 அங்குல உறைக்குள்ளும் நுழைந்துவிடும். உள்ளே போன உறையின் வெளிப்புறமும் வெளியே இருக்கும் உறையின் உட்புறமும் கடைசிவரை கழுவப்படாமலே இருக்கும். மாட்டிக்கொண்டவற்றைப் பிரிக்க இடுக்கியும் பொறுமையும் தேவைப்படும்.

உலர் முறையில் மக்காச்சோளக் கதிரின் தக்கையை அரைத்த குருணையோ, அக்ரூட் ஓட்டின் குருணையோ பயன்படுகிறது. அக்ரூட் ஓடு கடினமானது, ஊறிய அழுக்கையும் சுரண்டி எடுத்துவிடும். சோளத் தக்கை மென்மையானது, மெருகை நன்றாக ஏற்றும். சாதாரண அழுக்குக்குச் சோளத் தக்கையில் மூன்று நான்கு மணி நேரம் போதும். துணி உலர்த்தும் எந்திரத்தில் போட்டெடுத்த பழைய மெல்லிய தாளைக் கிழித்து நான்கைந்து துண்டுகளாக உள்ளே போட்டால், தூசி முழுவதும் அதில் ஒட்டிக்கொண்டு தாள் கருத்து வரும். குருணையும் இன்னும் சில முறைக்குத் தாங்கும். உலர் முறையில் பழைய பிரைமரை, அதாவது உறையின் அடியில் பொருந்தி மருந்தைப் பற்றவைக்கும் சிறு கிண்ணத்தை, முன்கூட்டியே எடுத்துவிடுவதை நான் விரும்புவதில்லை. பிரைமர் குழியின் நடுவே இருக்கும் தீத்துளை ஏறக்குறைய 2 மி.மீ. அகலமே உடையது, குருணை ஒன்று அதில் சரியாகப் பொருந்தி அடைத்துக்கொண்டால், ஒவ்வோர் உறையையும் கையில் எடுத்து ஊசியால் குத்தித் தள்ள வேண்டிவரும்.

இந்த முறையின் உண்மையான குறை அதன் தூசி. வழக்கமான பிரைமர்களில் ஈய ஸ்டிஃப்னேட் என்னும் ஈயச் சேர்மம் இருக்கிறது. அது எரிந்தபின் ஈயம் நுண்துகளாக உறையின் உட்சுவரில் படிகிறது. அந்தப் படிவைத்தான் எந்திரம் மணிக்கணக்கில் உதிர்த்துக் குருணையோடு கலக்கிறது. ஆகவே மூடியைத் திறந்தவுடன் எழும் சாம்பல் நிறப் புகைபோன்ற தூசி வெறும் சோளத் தூசி என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. தொடக்கத்தில் நான் மூடிய அறைக்குள், முகமூடியும் இல்லாமல், சல்லடையில் கொட்டிக் குலுக்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாளரத்தின் வழியே விழுந்த வெயிற்கற்றையில் அந்தத் தூசி மிதப்பதைப் பார்த்தபிறகுதான் எதைச் சுவாசித்துக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. இப்போது எந்திரம் ஓடுவதும் சலிப்பதும் வீட்டுக்கு வெளியேதான். மூடியைக் கழற்றாமல் ஓடவிடுகிறேன். கையுறையும் தூசி வடிகட்டும் முகமூடியும் அணிகிறேன். சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்கிறேன். கையைக் கழுவாமல் எதையும் வாயில் வைப்பதில்லை. குழந்தைகள் உள்ள வீட்டில் இவற்றில் எதையும் தளர்த்த இடமில்லை.

தூசிக்குப் பயந்துதான் ஈர முறைக்கு மாறினேன். இதில் சுமார் 1.2 மி.மீ. தடிமனும் 6.5 மி.மீ. நீளமும் உள்ள துருப்பிடிக்காத எஃகு ஊசிகள், தண்ணீர், சில துளி பாத்திரம் கழுவும் திரவம், ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் ஆகியவை உருளைக்குள் செல்கின்றன. ஏறக்குறைய 7 கிலோ தாங்கும் உருளையில் 2.3 கிலோ ஊசியும், ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான உறைகளும், 4 லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீரும் சேர்ந்தால் கொள்ளளவு நிறைந்துவிடும். இங்கே பிரைமரை முதலிலேயே எடுத்துவிட வேண்டும். அப்போதுதான் குழியும் சுத்தமாகும், உள்ளே தண்ணீர் தேங்காமலும் இருக்கும். ஓர் ஊசி தீத்துளை வழியே எளிதாகப் போய்வரும், ஆனால் இரண்டு ஊசிகள் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்தால் இறுகிக்கொள்ளும். அதனால் கழுவி முடித்ததும் ஒவ்வோர் உறையையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் துளை தெரிகிறதா என்று பார்க்கிறேன். கீழே சிதறிய ஊசிகளைக் காந்தத்தால் எடுத்துவிடலாம். அழுக்குத் தண்ணீரிலும் ஈயம் உண்டு என்பதால், அதை அடுக்களைத் தொட்டியில் ஊற்றுவதில்லை.

சிட்ரிக் அமிலத்தின் அளவில் எனக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. சிட்டிகைக்குப் பதில் ஒரு தேக்கரண்டி நிறையப் போட்டு, இரண்டு மணி நேரத்தில் நிறுத்த வேண்டியதை மறந்து இரவு முழுவதும் ஓடவிட்டேன். காலையில் மூடியைத் திறந்தால் உறைகள் பொன்னிறத்தை இழந்து, உரித்த செம்புக் கம்பியைப் போல இளஞ்சிவப்பாகக் கிடந்தன. தோட்டா உறைக்கான பித்தளையில் 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் உள்ளன. அமிலம் மிகுந்தால் மேற்பரப்பின் துத்தநாகம் கரைந்து வெளியேறி, செம்பின் நிறம் மேலோங்குகிறது. அது மேற்பூச்சளவில் நின்றதா, உள்ளே எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க வழியில்லாததால் அந்த முழுத் தொகுதியையும் கழித்துவிட்டேன்.

அளவாக ஓடினாலும் ஈர முறை சில சமயம் தேவைக்கு மேல் சுத்தம் செய்துவிடுகிறது. உறையின் கழுத்துக்குள் இருக்கும் மெல்லிய கரிப்படலம் குண்டு வழுக்கி இறங்க உதவுகிறது. அது முற்றிலும் போய்விட்டால் குண்டைப் பொருத்தும்போது கருவியின் நெம்புகோலில் கரகரப்பு தெரியும், ஓர் உறைக்கும் மற்றதற்கும் பிடிமானம் வேறுபடும். உருளையில் உறைகள் குறைவாக இருந்தால் அவை ஒன்றன்மேல் ஒன்று விழுந்து விளிம்புகள் தட்டையாகி மடங்குகின்றன. விரல் நுனியை விளிம்பில் ஓட்டிப் பார்த்தால் சொரசொரப்பு படும். துல்லியமாகச் சுட விரும்பும் நீள்துப்பாக்கி உறைகளுக்கு நான் உலர் முறைக்கே திரும்பிவிட்டேன்; சேற்றில் கிடந்த கைத்துப்பாக்கி உறைகள் மட்டுமே ஈர உருளைக்குப் போகின்றன.

எந்த முறையானாலும் அம்மோனியா கலந்த பித்தளை மெருகுத் திரவத்தைச் சேர்க்கக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் பிரிட்டிஷ் படையினர் வைத்திருந்த தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. பருவத்தோடு சேர்ந்து வந்ததால் ஆங்கிலத்தில் அதற்குப் பருவ விரிசல் என்றே பெயர் வைத்தார்கள். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்திருந்தார்கள் என்பதும், குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும் ஈரமும், உலோகத்தை இழுத்து வடித்தபோது அதற்குள் தங்கிய இழுவிசையும் சேர்ந்தே பித்தளையைப் பிளந்தன என்பதும் 1921 வாக்கில்தான் தெளிவாயின. மெருகுத் திரவத்தில் உள்ள அம்மோனியாவும் அதே வேலையைச் செய்யக்கூடியதே.

கழுவிய உறைகளைப் பழைய துண்டில் உருட்டித் துடைத்தபின், 90 டிகிரி செல்சியஸைத் தாண்டாத சூட்டில் உலர்த்துகிறேன்; இதற்கென்று வைத்திருக்கும் உலர்த்தியை வேறு எதற்கும் பயன்படுத்துவதில்லை. விரைவில் காய வேண்டும் என்று நெருப்பில் காட்டுவது பெரும் தவறு. சூடு மிகுந்தால் உறையின் அடிப்பாகம் மென்மையாகிவிடும்; சுடும்போது முழு அழுத்தத்தையும் தாங்க வேண்டிய பாகம் அதுதான்.

உலர்ந்த உறைகளை மேசையில் பரப்பி விளக்கை அருகில் இழுத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கும் வேலை அதன்பின் தொடங்குகிறது. கழுத்தில் மயிரிழை போன்ற பிளவு இருந்தால் இப்போது தெரியும். நீள்துப்பாக்கி உறையில் அடித்தட்டுக்குச் சற்று மேலே உறையைச் சுற்றி ஓர் ஒளிர்ந்த வளையம் தெரிந்தால், உட்சுவர் அங்கே மெலிந்து வருகிறது என்று சந்தேகிக்க வேண்டும். நுனியை வளைத்துக் கூராக்கிய மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, அடியிலிருந்து மேல்நோக்கிச் சுவரோடு இழுத்தால் கம்பி அந்த இடத்தில் ஒரு பள்ளத்தில் தடுக்கி நிற்கும். சென்ற வாரம் கழுவிய தொகுதியில் அப்படி இரண்டு உறைகள் தட்டுப்பட்டன. இரண்டும் நன்றாகவே பளபளத்தன. மறந்துபோய்த் திரும்பக் குவியலில் சேர்ந்துவிடக் கூடாதென்று அவற்றின் வாயை இடுக்கியால் நசுக்கிப் பழைய உலோக டப்பாவில் போட்டுவிட்டேன்.