டெக்சாஸில் மேஜர் ஆன கதையும் அட்ஜுடன்ட் ஜெனரல் விதியும்

டெக்சாஸ் மாநிலப் படையின் தலைவரை அட்ஜுடன்ட் ஜெனரல் என்பார்கள். அந்த நாற்காலியில் யாரை உட்கார வைக்கலாம் என்பதற்கு மாநிலச் சட்டம் கேட்பது மூன்றே மூன்று. நியமிக்கும்போது டெக்சாஸ் நேஷனல் கார்டில் (பெரும்பாலும் பகுதிநேர வீரர்கள் உள்ள மாநிலப் படை) மேஜர் அல்லது அதற்கு மேற்பட்ட பதவியில், ஃபெடரல் அங்கீகாரம் (மாநிலம் தந்த பதவியை அமெரிக்க மத்திய அரசும் ஏற்பது) பெற்ற அதிகாரியாக இருக்க வேண்டும். ராணுவத்திலோ விமானப்படையிலோ முழுநேரமாகவோ பயிற்சிக்காகவோ பணிக்குப் போயிருக்க வேண்டும். கமிஷன் பெற்ற அதிகாரியாக 15 வருஷம் முடித்திருக்க வேண்டும், அதில் 5 வருஷமாவது டெக்சாஸ் கார்டில்.

எனக்கு மேஜர் பதவி உயர்வு வந்தபோது இதை மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "மூணுல ரெண்டு முடிஞ்சிருச்சே மாப்ள, இன்னும் கொஞ்ச வருஷம்தானே?" என்று பதில் வந்தது. கணக்கு சரிதான். நிஜத்தில் எந்த ஆளுநரும் ஒரு மேஜரைத் தேடிப் பிடித்துப் படையை ஒப்படைக்கமாட்டார். ஜெனரல்களும் கர்னல்களும் இருக்கிற இடத்தில் எங்களுக்கு என்ன வேலை? ஆனால் சட்டம் கீழே இழுத்த கோடு மேஜரில்தான் நிற்கிறது.

அந்த மூன்றில் வருஷமும் பதவியும் தானாக வந்து சேரும். ஆளைப் பிழிந்து எடுப்பது ஃபெடரல் அங்கீகாரம்தான். லெப்டினன்டுக்கும் அதே சடங்கு, ஜெனரலுக்கும் அதே சடங்கு, கடைசிக் கையெழுத்து மட்டும் மாறும். நான் அதைத் தாண்டிய விதத்தைச் சொல்கிறேன். இங்கே சேர நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு உதவும்.

வார நாளில் எனக்கு ஆஸ்டினில் டேட்டாபேஸ் வேலை. மாதம் ஒரு வார இறுதி ட்ரில், வருஷத்துக்கு 15 நாள் பயிற்சி. ஊரில் பலருக்கும் இதில் குழப்பம் உண்டு, மாநிலத்துக்கென்று தனி மிலிட்டரியா என்று. ஆமாம். வெள்ளம், புயல் என்றால் ஆளுநர் கூப்பிடுவார். போர் என்றால் அதே ஆட்களை அதிபர் எடுத்துக்கொள்வார். ஒரே சீருடைதான், எஜமானர்கள் இரண்டு பேர். தகுதி விதிகளும் அதனால்தான் இரண்டு அடுக்காக இருக்கின்றன.

சிப்பாயாகச் சேரக் கிரீன் கார்டு போதும். நானும் அப்படித்தான் சேர்ந்தேன். அதிகாரியாக வேண்டுமென்றால் அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம், வயது 18 முதல் 64-க்குள். இது ஃபெடரல் சட்டம், எந்த மாநிலமும் தளர்த்த முடியாது. எங்கே பிறந்தோம் என்பது தடையே இல்லை. பிறப்பிலேயே அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும் என்கிற நிபந்தனை அதிபருக்கும் துணை அதிபருக்கும் மட்டும்தான். படையில் இருப்பவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. பணியை உறுதி செய்யும் என்-426 படிவத்தில் யூனிட்டில் கையெழுத்து வாங்கி, என்-400 விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். இந்தப் பகுதி எனக்குச் சுலபமாகவே முடிந்தது.

அடுத்து அதிகாரிப் பயிற்சி. ஒன்றரை வருஷத்துக்கு நெருக்கமான வார இறுதிகள், பாதி பாஸ்ட்ராப் பக்கம் கேம்ப் ஸ்விஃப்டின் வெயிலில். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் புலம்பலாகிவிடும், விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும்: இந்தியப் பட்டம் அப்படியே செல்லாது. இங்குள்ள ஒரு மதிப்பீட்டு நிறுவனம் அதை அமெரிக்கப் பட்டத்துக்கு இணை என்று எழுதித் தர வேண்டும். அதற்குக் கல்லூரியின் மதிப்பெண் பட்டியல் சீலிட்ட உறையில் வர வேண்டும். பயிற்சியில் சேரும் முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள்.

உண்மையான மலை எஸ்.எஃப்-86. பாதுகாப்புச் சோதனைக்கான படிவம். பெற்றோர், உடன்பிறந்தோர், மாமனார் மாமியார், வெளிநாட்டில் நெருங்கிப் பழகுகிறவர்கள், வெளிநாட்டுப் பயணங்கள், வெளிநாட்டுச் சொத்து, எல்லாம் அதில் உண்டு. அம்மாவுக்கு இனிஷியலைத் தவிரக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவுக்குப் பள்ளிச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதி, ஜாதகத்தில் இன்னொன்று. பாஸ்போர்ட்டில் இருப்பதையே எல்லா இடத்திலும் எழுதி, வித்தியாசத்தைக் குறிப்புப் பகுதியில் சொல்லிவிட்டேன்.

சொத்துதான் விடிய விடிய யோசிக்க வைத்தது. விளாத்திகுளம் பக்கம் தாத்தா பேரில் கொஞ்சம் கரிசல் காடு. கூட்டுப் பட்டா. பாகப்பிரிவினை ஆகவில்லை, மானாவாரி, சில வருஷம் மிளகாய், பல வருஷம் சும்மா கிடக்கும். இதில் எனக்குப் பங்கு உண்டா, உண்டென்றால் டாலரில் எவ்வளவு? விசாரணை அதிகாரி நேரில் வந்தபோது பட்டா நகலையும் வில்லங்கச் சான்றிதழையும் மேசையில் விரித்து, யார் யார் பங்காளி என்று ஒரு தாளில் கிளை போட்டுக் காட்டினேன். பெரியப்பா வீட்டுக் கிளைக்கு வந்தபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நீங்கள் விற்க நினைத்தால் விற்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார். பதினோரு பேர் கையெழுத்து வேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். மறைத்தால்தான் வம்பு, இருப்பதைச் சொன்னால் ஒன்றும் ஆகாது.

பிறகு அங்கீகார வாரியம். மூன்று அதிகாரிகள், ஆஸ்டினிலேயே கேம்ப் மேப்ரியில். 1890-களில் டெக்சாஸின் அட்ஜுடன்ட் ஜெனரலாக இருந்த உட்ஃபோர்ட் மேப்ரியின் பெயர்தான் அந்த முகாமுக்கு. மருத்துவச் சோதனை, உடல் தகுதி, பட்டம், சோதனை முடிவு என்று தாள் தாளாகப் புரட்டிவிட்டு, ஆளுநரும் அதிபரும் எதிரெதிர் உத்தரவு போட்டால் என்ன செய்வாய் என்றார்கள். 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்த விஷயம் இது. மத்திய அமெரிக்காவில் நடந்த பயிற்சிக்குத் தன் மாநிலக் கார்டை அனுப்பியதை எதிர்த்து மின்னசோட்டா ஆளுநர் ரூடி பெர்பிச் வழக்குப் போட்டுத் தோற்றார். அதிபர் முறைப்படி அழைத்துவிட்டால் அந்தப் பணி முடியும்வரை ஆளுநரின் அதிகாரம் விலகி நிற்கும் என்றேன். தலையாட்டினார்கள்.

உறுதிமொழியிலும் இதே இரட்டைதான். அமெரிக்க அரசியல் சட்டத்தையும் டெக்சாஸ் அரசியல் சட்டத்தையும் காப்பேன், அதிபரின் உத்தரவுக்கும் ஆளுநரின் உத்தரவுக்கும் கீழ்ப்படிவேன். அன்று கிடைப்பது தற்காலிக அங்கீகாரம், ஆறு மாதம்வரை செல்லும். நிரந்தர உத்தரவு வாஷிங்டன் பக்கமிருந்து வர வேண்டும்.

மேஜர் ஆனபோது இதே கோப்பு இன்னும் தடிமனாக மறுபடி புறப்பட்டது. கார்டில் பதவி உயர்வுக்கு முதலில் மாநிலத்துக்குள் காலியிடம் வேண்டும். கேப்டன்களுக்கான படிப்பை முடித்திருக்க வேண்டும். பிறகு வாரியம், பிறகு பாதுகாப்பு அமைச்சரின் மேசைக்குப் போகும் பெயர்ப் பட்டியல். லெப்டினன்ட் கர்னல்வரை அந்தக் கையெழுத்தே போதும். கர்னல் முதல் மேலே போனால் அமெரிக்க செனட்டின் ஒப்புதல் வேண்டும். மாநிலம் உயர்த்திவிட்டாலும் ஃபெடரல் உத்தரவு வரும்வரை சம்பளம் பழைய பதவிக்குத்தான்.

அட்ஜுடன்ட் ஜெனரல் விதியின் நுட்பம் இந்தப் படியேறிய பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. ஆளுநர் இரண்டு வருஷப் பதவிக்கு நியமிப்பார், ஆஸ்டினில் உள்ள மாநில செனட் ஒப்புக்கொள்ள வேண்டும். அது பதவிக்கு. தோளில் ஏறும் நட்சத்திரத்துக்கு, அதாவது ஜெனரல் என்ற தகுதிக்கு, ஃபெடரல் வாரியமும் வாஷிங்டன் செனட்டும். இரண்டும் ஒரே நாளில் வராது. டெக்சாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை வருஷ ஜனவரியில்தான் வழக்கமாகக் கூடும். 2022 மார்ச்சில் விமானப்படைக் கார்டிலிருந்து தாமஸ் சூல்சர் நியமிக்கப்பட்டது இப்படி இடைப்பட்ட காலத்தில்தான். அவருக்கு முன்னால் இருந்த டிரேசி நாரிஸ் 2019-இல் வந்தவர், டெக்சாஸின் முதல் பெண் அட்ஜுடன்ட் ஜெனரல். வாஷிங்டன் கதவும் சும்மா திறக்காது. 2023-இல் அலபாமா செனட்டர் டாமி டூபர்வில் மாதக்கணக்கில் தடுத்து வைத்து, டிசம்பரில் விட்டபோது 400-க்கும் மேற்பட்ட பதவி உயர்வுகள் தேங்கிக் கிடந்தன.

எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை. வெர்மான்ட்டில் சட்டமன்ற இரு அவைகளும் சேர்ந்து உட்கார்ந்து ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறார்கள். தென் கரோலினாவில் பொதுத் தேர்தலே நடந்தது, சுவரொட்டி சகிதம். 2014-இல் மக்களே வாக்களித்து அதை ஆளுநர் நியமனமாக மாற்றினார்கள். தலைநகர் வாஷிங்டனுக்கு ஆளுநர் இல்லை, அதிபரே நியமிக்கிறார். டெக்சாஸ் முறையே எனக்குப் பிடிக்கிறது. ஓட்டுக் கேட்டு வரும் ஜெனரலிடம் எந்த மேஜர் மனம்விட்டுப் பேசுவான்?

அந்த விதியில் இன்னொரு வடிகட்டியும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. டெக்சாஸ் ஸ்டேட் கார்டு என்று மாநிலத்துக்கு மட்டுமே ஆன தன்னார்வப் படை ஒன்று உண்டு. அதே கட்டமைப்பில், அதே தலைவரின் கீழ். அதில் ஒருவர் எத்தனை வருஷம் கர்னலாக இருந்தாலும் இந்தப் பதவிக்கு வர முடியாது, ஃபெடரல் அங்கீகாரம் அங்கே கிடையாது.

எனக்கு அடுத்தது லெப்டினன்ட் கர்னல். படிப்பு பாதி முடிந்திருக்கிறது. என் பிரிவில் அந்த இடம் ஒன்றே ஒன்று. அதில் இருப்பவர் என்னைவிட இரண்டு வயது இளையவர், ஓய்வு பெறும் எண்ணமே இல்லை என்கிறார்.