குளுக்கோஸ் பாட்டிலுக்கு முன்னால் ஓர் ஊசி

கிருஷ்ணகிரி பக்கம் ஆண்கள் வார்டில் செவிலியராக இருக்கிறேன். கல் குவாரி ஆட்கள், லாரி ஓட்டுபவர்கள், மாந்தோப்பில் கூலிக்குப் போகிறவர்கள் என எங்களிடம் படுப்பவர்களில் குடியால் வந்தவர்கள் நிறைய. சேர்க்கும்போது சாப்பாட்டைப் பற்றிக் கேட்பேன். "வீட்ல சோத்துக்குக் குறையில்லீங்க சிஸ்டர்" என்பார் நோயாளி. "களி கிண்டி, கீரை கடைஞ்சு வெச்சாலும் தொடறதில்லீங்க. குடிச்சிட்டு அப்படியே படுத்துக்கறாரு" என்பார் மனைவி. மனைவி சொல்வதையே நம்புவேன்.

ஒரு குவார்ட்டர் பிராந்தியில் ஏறத்தாழ 400 கலோரி உண்டு. புரதமும் வைட்டமினும் அதில் இல்லை என்றே சொல்லலாம். பசி மட்டும் அடங்கிவிடும். இரைப்பையும் புண்ணாகி, விடிந்தால் குமட்டல்.

சாப்பிட்டாலும் உடம்பில் சரியாக ஒட்டாது. வைட்டமின் பி1 என்கிற தயமினையும் ஃபோலிக் அமிலத்தையும் சிறுகுடல் உறிஞ்சவிடாமல் மது கெடுக்கிறது. கல்லீரல் கெட்டால் சேமிப்பும் குறைகிறது. கணையம் பழுதானவருக்குக் கொழுப்பு செரிக்காமல் மலம் எண்ணெய்ப் பிசுக்காகப் போகும். ஏ, டி, இ, கே வைட்டமின்களும் அதோடு வீணாகும்.

தயமின் குறைவுதான் எனக்குப் பெரிய பயம். உடம்பில் அதன் இருப்பு சில வாரங்களுக்குத்தான் தாங்கும். அது தீர்ந்தால் நடை தள்ளாடும், கண் சரியாக அசையாது, ஆள் யார், இடம் எது என்று குழம்பும். பார்ப்பவர்களுக்கு இது போதை போலவே தெரிவதால், "தூங்கினா தெளிஞ்சிரும்" என்று வீட்டிலேயே வைத்துவிடுகிறார்கள். சிகிச்சை தாமதித்தால் ஞாபகசக்தி நிரந்தரமாகவே போய்விடலாம்.

வந்ததும், "ஒரு குளுக்கோஸ் பாட்டில் போடுங்க சிஸ்டர், தெம்பு வந்துரும்" என்பார்கள். குளுக்கோஸை எரிக்கவே தயமின் வேண்டும். தயமின் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சமிருப்பதும் செலவாகி மூளை பாதிக்கக்கூடும். அதனால் தயமின் ஊசி போட்ட பிறகே பாட்டிலை மாட்டுகிறோம். காரணத்தைச் சொல்லிவிட்டால் உறவுக்காரர்கள் அவசரப்படுத்துவதில்லை. சொல்ல எனக்கு எப்போதும் நேரம் உண்டு.

இன்னொன்றும் மனைவிமாரிடம் சொல்கிறேன். பல வருஷமாகத் தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பும் வரலாம். கோபத்தில் அறையில் பூட்டி வைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள். இங்கே மருந்து கொடுத்துப் பக்கத்தில் இருந்து நிறுத்த வைக்கிறோம்.