புழு ஜீனோம் புராஜெக்ட் எடுக்கிறீர்களா? ஆணா பெண்ணா என்று முதலில் பாருங்கள்

முதுகலை புராஜெக்டுக்கு நான் எடுத்தது புரூகியா மலாயி. மனிதருக்கு யானைக்கால் நோய் தரும் புழுக்களில் ஆய்வகங்கள் வழக்கமாக வளர்ப்பது இதைத்தான், ஜெர்பில் எலியின் வயிற்றறைக்குள். இதன் வரைவு ஜீனோம் 2007-லேயே வெளியாகிவிட்டது. சுமார் 9 கோடி டிஎன்ஏ எழுத்து. மனித ஜீனோமில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. சீக்கிரம் முடித்துவிடலாம் என்றுதான் இறங்கினேன்.

முதல் அசெம்பிளி, அதாவது டிஎன்ஏ துண்டுகளின் வாசிப்புகளை (ரீடுகளை) கணினியில் கோத்து உருவாக்கிய ஜீனோம், ஒன்றரை மடங்கு பெரிதாக வந்தது. ஒற்றைப் பிரதியாக இருக்க வேண்டிய ஜீன்கள் பஸ்கோ (அசெம்பிளி முழுமையா என்று பார்க்கும் மென்பொருள்) சோதனையில் இரண்டிரண்டாக நின்றன. பத்து நாள் மென்பொருளைத் திட்டியபடி செட்டிங்கை மாற்றி மாற்றி ஓட்டினேன். கைடு ஒன்றுதான் கேட்டார்: "பெண் புழுவையா அரைச்சீங்க?"

ஆமாம். பெண்தான் பெரிது, டிஎன்ஏ தாராளமாகக் கிடைக்குமே! ஆனால் அதன் கருப்பை முழுக்க மைக்ரோஃபைலேரியா குஞ்சுகள். ஒரு புழு என்று நான் எண்ணியது ஒரு குடும்பம். தகப்பன் வழி வந்த வேறுபாடுகளும் அதில் சேர்ந்தே இருந்தன.

ஆண் புழு சிறிது, டிஎன்ஏ கொஞ்சம்தான். பரவாயில்லை, அதையே எடுங்கள். ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றே என்பதால், ரீடுகளின் ஆழம் (ஒரே இடத்தை எத்தனை ரீடுகள் மூடுகின்றன என்பது) பாதியாக இறங்கும் துண்டுகள் பெரும்பாலும் எக்ஸைச் சேர்ந்தவை என்று தெரிந்துவிடும்.

புழுவை உப்புக்கரைசலில் பலமுறை அலசுங்கள். அப்படியும் எலி டிஎன்ஏ ஒட்டிக்கொண்டுதான் வரும், பிறகு கணினியில் வடிகட்டலாம். திரவ நைட்ரஜனில் உறையவைத்து அரைத்த பின் வோர்டெக்ஸ் (வேகமாகக் குலுக்கும் கருவி) பக்கமே போகாதீர்கள், நீள டிஎன்ஏ உடைந்துவிடும். அகல வாய் பிப்பெட் டிப், மெதுவான கை. டிஎன்ஏ ஜெல்லில் மேலே ஒரே பட்டையாக நிற்காமல் கீழ்வரை இழுவிக்கொண்டு போனால் நீள ரீடுக்குக் காசு கட்ட வேண்டாம்.

பாக்டீரியா ரீடு என்று வருவதையெல்லாம் அழித்துவிடாதீர்கள். வோல்பாக்கியா என்னும் பாக்டீரியா இந்தப் புழுவுக்குள் குடியிருக்கும் துணை உயிர். டாக்சிசைக்ளின் கொடுத்து அதைக் கொன்றால் புழு மலடாகிவிடும். அதன் ஜீனோம் சுமார் 11 லட்சம் எழுத்து, தனியாக அசெம்பிள் செய்யலாம். சிக்கல் என்னவென்றால், வோல்பாக்கியாவின் துணுக்குகள் புழுவின் குரோமோசோமிலும் புகுந்து கிடக்கின்றன. எது எங்கே இருக்கிறது என்று எப்படிச் சொல்வீர்கள்? என் வைவாவில் பாதி நேரம் இந்தக் கேள்வியிலேயே போனது. நல்லவேளை, ஒரு முனையில் வோல்பாக்கியாவும் மறுமுனையில் புழு ஜீனும் இருந்த ஒரு நீள ரீடை பிரிண்ட் எடுத்துப் போயிருந்தேன். அதே சந்திப்பைக் கடந்த வேறு ரீடுகளையும் கீழே வரிசையாக அடுக்கியிருந்தேன், ஒன்றை மட்டும் காட்டினால் லைப்ரரியில் (சீக்வென்சிங்குக்கு டிஎன்ஏவைத் தயார்செய்யும் படியில்) தவறுதலாக ஒட்டியது என்பார்களே!